பிளேடு போட்ட கவர்: சேலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

யுனிவர்சிட்டி முத்திரை வைத்து மூடிக் கொடுத்த கவரை, கூரியர் கடையில் பிளேடால் கிழித்துவிட்டார்கள். என் கண் முன்னால், கையில் வாங்கிய பத்து விநாடிக்குள். மூன்று வாரம் ஊரில் இருந்தேன், மல்கோவா தின்றேன், ஏற்காடு போய் வந்தேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்தப் பிளேடு மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

கனடாவில் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியுரிமைக்கு (பர்மனென்ட் ரெசிடென்சி), போட்டவர்களுக்கு இந்தக் கதை தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் நம் ஊர்ப் படிப்புக்குப் புள்ளி வேண்டும் என்றால், அது கனடாவின் எந்தப் படிப்புக்குச் சமம் என்று மதிப்பிட்ட அறிக்கை வேண்டும். இ.சி.ஏ. என்பார்கள், வாங்கிய நாளிலிருந்து 5 வருடம் செல்லும். தனியாள் கணக்கில் இளங்கலைக்கு 120 புள்ளி, முதுகலைக்கு 135. வாரா வாரம் கட் ஆஃப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த 15 புள்ளி எவ்வளவு பெரிது என்று விளக்கத் தேவையில்லை. நான் போனது இந்த அறிக்கை தரும் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் என்ற அமைப்பு வழியாக, நாம் எல்லோரும் வெஸ் என்று சொல்கிறோமே, அது. படித்த இடமே டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் அடங்கிய சான்றை, கவரில் போட்டு மூடி, மடிப்பின் மேல் சீல் வைத்து அனுப்ப வேண்டும். எம்.எஸ்சி. மார்க்ஷீட் எல்லாம் ஒரிஜினலாக என்னிடமே இருக்கிறது, அது உதவாது. மூடிய கவரை நான் பிரிக்காமல் அப்படியே போய்ச் சேர வேண்டும், விஷயமே அதுதான். பாதி மடிப்பிலும் பாதி கவரிலுமாக விழுந்த அந்த முத்திரை முழுசாக இருக்கிற வரைக்கும்தான் உள்ளே இருக்கும் தாளுக்கு மதிப்பு.

செலான் கட்டி, டி.டி. எடுத்து, பச்சை மைக் கையெழுத்துக்கு யாராவது ஆபீசர் வீட்டு வாசலில் நின்ற காலம் ஒன்று இருந்ததே, அதெல்லாம் இப்போது இல்லை. பணத்தைக் கனடாவில் நான் இருக்கும் மிஸ்ஸிசாகாவில் இருந்தபடியே ஆன்லைனில் கட்டிவிட்டேன். தம்பி இரண்டு தடவை போய் விசாரித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் தேர்வுப் பிரிவுக்குப் போனேன், பகல் பன்னிரண்டரைக்குக் கவர் கைக்கு வந்துவிட்டது. யுனிவர்சிட்டி பெயரையே அனுப்புநராகப் போட்டு நீங்களே கூரியர் போட்டுவிடுங்கள் என்றார்கள், இங்கே அதுதான் பழக்கம். சரி என்று வாங்கிக்கொண்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு கூரியர் கடைக்கு வந்தோம். ஞாயிறு இரவு பெங்களூரில் எனக்கு விமானம்.

கவுண்டரில் இருபது வயசுப் பையன். "உள்ள என்னங்க்கா?" என்றான். "டாக்குமென்ட்தான் தம்பி, யுனிவர்சிட்டியில் சீல் வெச்சுக் குடுத்தது" என்று சொல்லி முடிப்பதற்குள் சர்ரென்று ஒரு சத்தம். பாதி பிளேடு, ஒரு பக்கம் செல்லோடேப் சுற்றியது. ஊதா நிற வட்ட முத்திரை நடுவில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. நான் போட்ட சத்தத்தில் பின்னால் பார்சல் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஃபாரின்னா செக் பண்ணித்தான்க்கா அனுப்பணும், ரூல்ஸ்" என்றான் பையன். அவனுக்குத் தப்பு எங்கே என்றே புரியவில்லை. உடனே டேப்பை இழுத்து மடிப்பின் மேல் ஒட்டி, விரலால் நீவி, "பாருங்க, ஒண்ணுமே தெரியாது" என்று நீட்டினான். தெரிந்தது. ஒட்டியபோது மடிப்பு ஒரு நூல் தள்ளிப்போய், முத்திரையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரவே இல்லை. அதைப் பார்க்கிற யாரும் திறந்து மூடிய கவர் என்றுதான் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் அது சரிதானே.

மிஸ்ஸிசாகாவில் எங்கள் தெரு முனையில் மருந்துக் கடைக்குள்ளேயே தபால் கவுண்டர் உண்டு. என்ன இருக்கிறது, மதிப்பு எவ்வளவு என்று நம்மையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், கவரைத் தொட மாட்டார்கள். நம் ஊரில் ரூல்ஸ் இருக்க வேண்டும்தான், வெளிநாட்டுக்கு எதை எதையோ அனுப்புகிறார்கள், சோதிக்கட்டும். ஆனால் கிழிப்பதற்கு முன் "பிரிக்கலாமாங்க்கா" என்று ஒரு வார்த்தை? அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மேனேஜரோடு சண்டை போடலாம் என்று தம்பி நின்றான், எனக்கு நேரம் போகிற பயம். வண்டியைத் திருப்பச் சொன்னேன். மதிய வெயிலில் திரும்ப தேர்வுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. காலையில் கவர் கொடுத்தவர் சீட்டில் இல்லை. பக்கத்து சீட்டில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மேடம். கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கிழிச்சுட்டானுங்களா? போன மாசமும் ஒரு பையன் இப்படித்தான் வந்து நின்னான். உக்காரு கண்ணு" என்றார். புது விண்ணப்பம் போடு, திங்கட்கிழமை வா என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். அந்தக் 'கண்ணு'வில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதுப் பிரிண்ட் எடுத்தவர் அதை உடனே கவரில் போடவில்லை. என் பக்கம் தள்ளி, "மொதல்ல வரி வரியாப் படி. மூடிட்டா நீயும் பாக்க முடியாது, நானும் பாக்க முடியாது" என்றார். காலையில் யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்தேன். மூன்றாம் செமஸ்டர் நவம்பரில் எழுதியது, தாளில் ஏப்ரல் என்று இருந்தது. காலையில் மூடிய கவரிலும் அதே ஏப்ரல்தான், கிழிந்த கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டோம். என் மார்க்ஷீட் நகலை வாங்கி, உள்ளே போய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி பிரிண்ட் எடுத்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் இரண்டு தடவை டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டார்.

அப்புறம் அவர் அந்தக் கவரை மூடிய விதம். பசையை விளிம்பு வரை தடவி, ஸ்கேலால் அழுத்தி, மடிப்பின் மேல் இடது, நடு, வலது என்று மூன்று முத்திரை. ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே கையெழுத்து. மை காயும் வரை ஃபேனுக்கு நேராகப் பிடித்திருந்து, அதன் மேல் அகலமான டேப். முன்பக்கம் வெஸ் ரெஃபரன்ஸ் நம்பர். கடைசியில் சிவப்புப் பேனாவால் பெரிதாக, தமிழில், "பிரிக்கக் கூடாது". "இங்கிலீஷ்ல எழுதி என்ன பண்றது, கிழிக்கிறவன் இங்கதான இருக்கான்" என்றார். கூடவே, உள்ளே இருப்பது கல்விச் சான்று மட்டும்தான் என்று லெட்டர் பேடில் நாலு வரி அடித்து, சீல் போட்டுத் தனியாகத் தந்தார், கவுண்டரில் காட்டுவதற்கு.

பத்து வருடமாகக் கனடாவில் வரிசையில் நின்று வேலை முடித்துப் பழகிவிட்டேன். அங்கே யாரும் என் கவரைக் கிழிக்க மாட்டார்கள். ஆனால் கிழிந்திருந்தால், இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள், புதுசாக விண்ணப்பியுங்கள் என்பதோடு முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வேலையே இல்லாத ஒன்றுக்கு ஒருவர் மை காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

இனிமேல் போகிறவர்கள் மூடுவதற்கு முன் ஒரு நகலைக் கேட்டு வாங்கி, மாதம், வருடம், இனிஷியல் எல்லாம் பாருங்கள். அந்த நாலு வரிக் கடிதத்தையும் கேளுங்கள். முடிந்தால் இரண்டு கவராக வாங்கி வையுங்கள். கூரியர் கடையில் கவரை நீட்டுவதற்கு முன்னால் கடிதத்தை நீட்டுங்கள்.

சனிக்கிழமை காலை தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்ட் போட்டேன். கவுண்டரில் இருந்தவர் சிவப்பு எழுத்தை வாய்விட்டுப் படித்தார், கடிதத்தைப் பார்த்தார், படிவத்தை நிரப்பச் சொன்னார். அவ்வளவுதான்.

நேற்று வெஸ் கணக்கில், ஆவணம் வந்து சேர்ந்தது என்று காட்டியது. அந்த மேடத்தின் போன் நம்பரை வாங்காமல் வந்துவிட்டேன். திங்கட்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.