அப்பா நீட்டாத கால்

அம்மனின் சிரசை, அதாவது தலையை, ஊர்வலமாக எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக மே மாதம் லண்டனிலிருந்து குடியாத்தம் போயிருந்தேன். மறுநாள் காலையே அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலது உள்ளங்காலில் கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்களாம். சர்க்கரை இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம். சர்க்கரையால் மரத்துப்போன காலில் நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கிவிடும், வலியே தெரியாது. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை. ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் தவறியதில்லை. ஆனால் காலை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் சர்க்கரைக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை பாதத்தைச் சோதிப்பார்கள். "நீங்களாவது காட்டக் கூடாதாப்பா?" என்றேன். "டாக்டர் முன்னாடி எப்படிம்மா காலை நீட்டுறது?" என்றார்.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் பாதப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இளம் டாக்டர் ஒருவர் குட்டி ஸ்டூலில் அமர்ந்து, "ஐயா, என் மடியில வைங்க" என்றார். அப்பா இரண்டு தரம் காலை இழுத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து, அது வளையும்வரை அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. ஐந்தாறு இடம் ஆகிவிட்டது. அப்பா கண்ணைத் திறக்காமல், "ஆரம்பிச்சிட்டீங்களா சார்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

காய்ப்பைப் பிளேடால் மெல்லச் சீவினார். அடியில் கறுப்பாக ஒரு ரத்தத் துளி. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும் என்றார்.

அடுத்தது செருப்பு. வேலூருக்கு இது பழகிய வேலை. 1946இல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவதற்கு வலி தெரியாமல் போவதே காரணம் என்று கண்டவர். அவர்களுக்காக வந்த எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்புதான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும். உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்ற ரப்பர், அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும். அடியில் முள் ஏறாத கெட்டியான சோல். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம், ஏனென்றால் மரத்த காலுக்குச் செருப்பு கழன்றது தெரியாது. 1,200 ரூபாய் ஆனது. அந்தக் கவனிப்புக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

அம்மாவையும் காட்டினோம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்று குத்தும் வலி. உள்ளங்கால் தசைநார் வீக்கம்தான், ஊசி இப்போது வேண்டாம் என்றார்கள். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. அவ்வளவுதான்.

திருவிழாதான் சிக்கல். சிரசுக்குப் பின்னால் வெறுங்காலில் நடப்பது அப்பாவின் 40 வருடப் பழக்கம். வைகாசி வெயிலில் தார் ரோடு கொப்புளம் போட்டுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. சிரசு எங்கள் தெருவுக்கு வந்தபோது வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றி, நான் விரித்துப்போட்ட ஈரச் சாக்கின் மேல் நின்று கும்பிட்டார்.