இடக்கைக்காரருக்கு .22 துவக்கு: பாவித்த அனுபவம்

இடக்கைக்காரர் ஒருவர் .22 (0.22 அங்குலக் குழல்) அரைத் தானியங்கித் துவக்கு, அதாவது விசையை ஒருமுறை இழுக்க ஒரு வெடி வெடித்து அடுத்த ரவை தானாக ஏறும் துவக்கு, வாங்கப் போனால் கடையில் முதலில் சொல்வது, "இழுக்கிற கொக்கி வலப்பக்கம் இருக்கு, உங்களுக்குச் சரிவராது" என்பதுதான். கனடாவில் இருந்த காலம் முழுக்க நான் வைத்திருந்தது அந்த வகையைச் சேர்ந்த ருகர் 10/22. ரவையை அறைக்குள் ஏற்ற இழுக்கும் அந்தக் கொக்கியால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. சொல்லப்போனால் வசதிதான்: இடக்கை விசையடியில் அப்படியே இருக்க, துவக்கைத் தாங்கும் வலக்கையாலேயே இழுத்து விடலாம்.

கரைச்சல் வெற்றுக் கோது வெளியேறும் வாயில்தான். அதுவும் வலப்பக்கம், இடத்தோளில் வைத்துச் சுடுபவரின் முகம் சரியாக அதன் பின்னால் வரும். கோது பொதுவாக விலகிப் பறந்துவிடும். ஆனால் இந்த வகைத் துவக்கில் வெடிக்கும்போது அறையை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு என்று ஒன்றில்லை, வெடியின் பின்னுதைப்பிலேயே அறை திறக்கிறது. மிச்ச வாயுவும் கரித்தூளும் கன்னத்துக்கு வரும். மலிவு ரவை என்றால் இன்னும் மோசம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இடக்கைக்காரர் இதைத் தொடவே கூடாது.

அடுத்தது பாதுகாப்புப் பொத்தான். விசைக்கு முன்னால் குறுக்கே ஓடும் அதை வலக்கைக்காரர் சுட்டுவிரலால் தள்ளிச் சுடத் தயாராகலாம். நமது விரல் இருக்கும் இடப்பக்கத்திலிருந்து தள்ளினால் விசை பூட்டிக்கொள்ளும். திசை மாற்றிச் செய்த பொத்தான் தனியாக விற்கிறார்கள். அதைப் போட்ட பிறகுதான் துவக்கு எனக்கென்று ஆனது.

இன்னொரு .22 துவக்கான சவேஜ் 64 இன் இடக்கை வடிவத்தில் கோது இடப்பக்கம் போகும், முகத்துக்கு நிம்மதி. விசை மட்டும் கனதியாகப் பட்டது, அதனால் அதற்கு மாறவில்லை. அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் பிரவுனிங் வடிவமைத்த எஸ்.ஏ. 22 என்ற அரைத் தானியங்கி கோதைக் கீழே தள்ளும், எந்தக் கைக்கும் ஒன்றுதான். அழகான துவக்கு, விலையும் அப்படித்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுட்டால் சூடான கோது உள்ளே விழுகிற வாய்ப்பும் உண்டு!

இப்போது இலங்கையில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். இங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் எந்தத் துவக்கும் வைத்திருக்க முடியாது, அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு அரைத் தானியங்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. தங்கையின் மகன் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் பழகுகிறான், அவனும் இடக்கை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, இதில கோதே இல்லையே" என்றான்.

உண்மைதான். 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு, காற்று, அவ்வளவே. அவனது தொல்லை வேறு: பயிற்சித் துவக்கின் பிடியும் கன்னத்தாங்கியும் வலக்கைக்கென்று செதுக்கியவை. குறி பார்க்கக் கழுத்தைச் சரித்தே பழகிவிட்டான். புதுத் துவக்குக்குக் காசு சேர்க்க வேண்டாம், முதலில் இடக்கைப் பிடி ஒன்றை வாங்கு, கன்னத்தாங்கியை உன் முகத்துக்கு ஏற்றபடி சரிசெய்யச் சொல்லு என்றேன்.