காலியாக வந்தால் இடுப்பைப் பிடிக்கும் பிக்கப்: நான்கு வருட அனுபவம்

ஒன்றே முக்கால் டன் ஏற்றும் பிக்கப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பத்தில் ஏற்றி, தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி வழியாக மதுரை மாட்டுத்தாவணி. வாரத்துக்கு இரண்டு, மூன்று நடை. போகும்போது லோடு, வரும்போது பெரும்பாலும் காலி. லோடு இருந்தால் வண்டி அடக்கமாகத்தான் போகும். காலியாகத் திரும்பும்போது ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தார்த் திட்டும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். வாங்கிய புதிதில் அப்பாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்தேன். தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மிச்சத் தூரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பின்னால் பாரத்தைத் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங் செட். அதில் முதலில் செய்தது, எல்லோரும் செய்யும் தப்பு. பட்டறையில் ஒரு பையன், "அண்ணே, பின்னாடி செட்டுல ஒரு பட்டைய உருவிட்டா வண்டி காரு மாதிரி போகும்" என்றான். உருவினான். நிஜமாகவே கொஞ்சம் மெத்தென்று போனது. இரண்டு மாதம் சந்தோஷம். அப்புறம் ஒன்றரை டன் வெங்காயம் ஏற்றிய ஒரு நாள், உசிலம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடையில் பின்பக்கம் ரப்பர் கட்டையில் போய் 'டொக்' என்று இடித்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. குனிந்து பார்த்தால் இரண்டாவது பட்டை உடைந்திருக்கிறது. ஒரு பட்டையை எடுத்தால் அதன் சுமையை மற்ற பட்டைகள்தானே தூக்க வேண்டும்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. மீண்டும் முழு செட் போட ஒன்பதாயிரம் ஆனது. உடைந்த பட்டையை ஊரில் ஆசாரியிடம் கொடுத்து அருவாள் அடித்துக்கொண்டேன். வீட்டிலேயே விலை உயர்ந்த அருவாள் அதுதான்.

இதற்கு நேர் எதிராகக் கூடுதல் பட்டை சொருகுகிறவர்களும் உண்டு, அதிக லோடு ஏற்ற. பட்டை கூடினால் ஆர்சி புத்தகத்தில் எடை கூடிவிடாது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. காலி வண்டியின் ஆட்டமும் இன்னும் மோசமாகும். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுகிறேன்.

விஷயத்தைப் புரியவைத்தவர் என் மாமா, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் ஏறாமலே ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள, பெரிய பள்ளத்துல தூக்கிப் போடுதா, இல்ல பாலத்து ஜாயின்ட்டு மாதிரி சின்னச் சின்ன தட்டுல படபடங்குதா?" யோசித்தால் இரண்டாவதுதான். பெரிய பள்ளத்தில்கூட வண்டி ஒரு மாதிரி சமாளித்துவிடும்.

அவர் சொன்ன காரணம் இது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி உட்கார்ந்திருக்கின்றன. வளைய வேண்டுமானால் ஒன்றோடொன்று உரசி நகர வேண்டும். துரு ஏறிய செட்டில் அந்த உரசலைச் சின்னத் தட்டு வெல்வதே இல்லை. அதாவது காலி வண்டியில், சின்ன மேடு பள்ளத்துக்கு, பட்டை ஒரே இரும்புக் கட்டையாக நிற்கிறது. அப்போது ஸ்பிரிங் வேலை பார்ப்பது டயர் மட்டும். அந்த டயரில் நான் எப்போதும் முழு லோடுக்கான 65 psi காற்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்!

கையேட்டை எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் காலி வண்டிக்கு 40 என்று தனியாகவே போட்டிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் புரட்டவில்லை. அன்று சாயங்காலமே 40க்கு இறக்கி ஓட்டினேன். நான்கு வருடத்தில் வண்டிக்குச் செய்ததிலேயே பெரிய மாற்றம் அதுதான், செலவு பூஜ்யம். இப்போது மாட்டுத்தாவணியில் லோடு இறக்கியதும் இரண்டு நிமிடத்தில் காற்றை இறக்கிவிடுவேன். கம்பத்தில் ஏற்றுவதற்கு முன்னால் பஞ்சர் கடையில் 65. இந்த இரண்டாவது பாதியில் சோம்பல் கூடவே கூடாது. குறைந்த காற்றில் முழு லோடு ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்று உங்கள் கையேட்டில் பாருங்கள், என் எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அந்த உரசல். செட்டைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து, பட்டைகளுக்கு நடுவே கிராபைட் கிரீஸ் தடவி மாட்டினோம். சிலர் கழிவு ஆயிலை மேலிருந்து ஊற்றுவார்கள். அது வழிந்து பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் போய் அதை ஊற வைத்துக் கெடுத்துவிடும், செய்யாதீர்கள். கிரீஸ் வேலை எனக்கு எட்டு, ஒன்பது மாதம் தாங்குகிறது. மண் ரோட்டில் அதிகம் ஓடினால் இன்னும் சீக்கிரம் போகும்.

கழற்றியபோது சாக்கிளில், அதாவது பட்டையின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பில், ரப்பர் புஷ் நான்கும் பிய்ந்திருந்தது தெரிந்தது. புது புஷ் 2,400 ரூபாய். இங்கே மாமா ஒன்றில் பிடிவாதமாக நின்றார்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது சாக்கிள் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டை செட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டையும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப இறுக்கினோம்.

ஷாக்கப்சரில் ஆசைப்பட்டு ஏமாந்தேன். 80,000 கிலோமீட்டரில் பழசு ஆயில் கசிய ஆரம்பித்ததும், ஸ்ட்ராங்காக இருக்கட்டும் என்று கேஸ் அடைத்த முரட்டு ஜோடி வாங்கி மாட்டினேன். லோடில் அருமை, காலியில் பழைய கதை. ஒரு மாதத்தில் கழற்றிச் சாதாரண ஜோடிக்கே வந்துவிட்டேன். அமெரிக்காவில் ராம் 2500 என்ற கனரக பிக்கப்புக்கு 2014 மாடலிலிருந்து பின்னால் பட்டையே கிடையாது, காயில் ஸ்பிரிங்தான். நமக்கு அந்த வழியில்லை. பட்டையோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

பலன் எப்படி என்றால், திராட்சையை வைத்துச் சொல்கிறேன். கம்பம் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, ஏற்றினால் எடை முக்கால் டன்னைத் தாண்டாது. பாதி லோடு என்பதால் 50 காற்றில் போகிறேன். முன்பெல்லாம் கடைசி வரிசைக் கிரேட்டுகளில் அடியில் ஒரு கை உதிர்ந்த பழம் கிடக்கும், வியாபாரி அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். இப்போது உதிர்வு இல்லாமலில்லை, ஆனால் அவர் கிரேட்டைச் சாய்த்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் டிரைவர் சீட்டின் ஸ்பாஞ்சையும் 1,800 ரூபாய்க்கு மாற்றினேன். அப்பாவிடம் சொன்னேன், ஒருமுறை வந்து பாருங்கள் என்று. போகும்போது வருகிறேன், திரும்பும்போது பஸ்தான் என்கிறார்.