எட்டு வருடமாக ஒரு 1969 செவெல்: வாங்குவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டியவை

1969ல் வந்த செவர்லே செவெல் என்ற அமெரிக்கக் கார் ஒன்றை எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் இன்ஜினுக்குச் செலவழித்ததை விட இரண்டு மடங்குக்கு மேல் தகரத்துக்குச் செலவழித்திருக்கிறேன். அதனால் இதுபோன்ற பழைய மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட வேகமான அமெரிக்கக் கார்) வாங்கப் போகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் காருக்கு அடியில் போங்கள்.

நான் வாங்கிய அன்று செய்தது நேர் எதிர். விற்றவர் சாவியைத் திருப்பினார், அந்தப் பெரிய எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் ஒரு உறுமு உறுமியது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியதுமே வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அப்புறம் பார்த்ததெல்லாம் பேருக்குத்தான். பெயிண்ட் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது, நானும் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

முதல் மழையிலேயே டிக்கிக்குள் தண்ணீர். இந்த மாடலின் பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே, அலங்காரப் பட்டைக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே தேங்கும் தண்ணீர் மெல்லத் தகரத்தை அரித்து டிக்கிக்குள் சொட்டும், டிக்கித் தரை போகும், அப்புறம் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பக்கத்தகடும் போகும். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது ஓட்டையின் மேல் ஒரு தகரத் துண்டை ரிவெட் அடித்து, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். பக்கத்தகட்டில் காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. உள்ளே விரல் தடிமனுக்குப் பட்டி, அதாவது ஓட்டையையும் பள்ளத்தையும் அடைக்கும் பூச்சு. அதில் காந்தம் ஒட்டாது.

அந்தக் காந்தத்தை வாங்குவதற்கு முன்பே கொண்டுபோயிருக்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றினால் பெயிண்டில் கீறல் விழாது. முதலில் கூரையில் வைத்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பாருங்கள், பிறகு கதவின் அடி, சக்கர வளைவு, பக்கத்தகட்டின் கீழ்ப்பகுதி என்று ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். முன்பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கிக் கால் வைக்கும் தரையையும் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் அடியில் துரு இருந்தால் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

செவெலில் பாடி தனி, ஃபிரேம் தனி. நடுவில் ரப்பர் மவுண்ட்கள். பின் ஆக்ஸிலுக்கு மேலே ஃபிரேம் வளைந்து போகிற இடத்தில் சேறு தங்கும். மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஓடிய காராக இருந்தால், பனிக்காலத்தில் சாலையில் போட்ட உப்பும் அங்கேதான் சேர்ந்திருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உளுத்த இரும்பு மொத்தென்று கேட்கும். பிறகு கதவைப் பாதி திறந்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் ஆடினால் அதன் உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் மவுண்ட் போயிருக்கலாம், அல்லது கார் அடி வாங்கியிருக்கலாம். அரிசோனா மாதிரி வறண்ட இடத்துக் கார் விலை கூடுதலாக இருந்தாலும் அதைத்தான் தேடச் சொல்வேன். வெயிலில் டாஷ்போர்டும் ரப்பரும் வெடித்திருக்கும். அவற்றைப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, கார் சொல்கிற பெயர் உண்மைதானா என்பது. என் காரின் கிரில்லில் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், செவெலின் சக்தி கூடிய வகை) பேட்ஜ் இருந்தது, விலையும் அதற்கேற்றபடிதான். மூன்றாம் வருடம் பின் ஆக்ஸில் ஆயில் மாற்றக் குனிந்தபோது மூடியில் போல்ட்டுகளை எண்ணினேன். பத்து. 1969 எஸ்எஸ் 396ல் (396 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் அளவு) பன்னிரண்டு போல்ட் ஆக்ஸிலும் முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் வரும். என்னுடையதில் முன்னாலும் டிரம்தான். செவெலின் சாதாரண வகையான மலிபுவை எஸ்எஸ் ஆக்கி விற்றிருக்கிறார்கள். அன்று எனக்கு வந்த வருத்தம் பணத்துக்காக மட்டும் இல்லை.

1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 செவெலுக்குத் தொழிற்சாலை கொடுத்த வண்டி எண் (பதிவு எண் அல்ல) 138 என்று தொடங்கும், அதை வைத்தே சொல்லிவிடலாம். 1969ல் எஸ்எஸ் தனி மாடலாக இல்லாமல் ஆப்ஷன் பேக்கேஜ் ஆகிவிட்டதால் எண் எதையும் காட்டிக்கொடுக்காது. பேட்ஜ், இருக்கை, ஆக்ஸில் எல்லாமே மாற்றக்கூடியவை. உறுதியான சாட்சி என்றால் தொழிற்சாலையின் பில்ட் ஷீட்தான், காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தாள். சில கார்களில் அது பெட்ரோல் டேங்கின் மேலேயோ இருக்கையின் ஸ்பிரிங்கிலோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். டாஷ்போர்டில் உள்ள வண்டி எண் தகடும் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, டைட்டில் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைல் மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். அதில் ஐந்து இலக்கம்தான், 99,999க்குப் பிறகு மறுபடி பூஜ்யம்.

சரி, இன்ஜின். நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரியக்கூடிய ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்பது முக்கியம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. எந்த ஆயில் ஊற்றினீர்கள் என்றும் கேளுங்கள். அந்தக் காலத்து இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தட்டையான டேப்பட் மேல் உரசி ஓடுவது, அதற்குத் துத்தநாகம் போதுமான அளவு கலந்த ஆயில் வேண்டும். நான் முதல் இரண்டு வருடம் புதுக் கார்களுக்கான ஆயிலையே ஊற்றினேன், கேமின் ஒரு மேடு தேய்ந்தே போனது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை வெடிக்க வைக்கும். அதை மட்டும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள், நெருப்பு விஷயம்.

டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் அதன் பக்கவாட்டில் பதித்த டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2310 என்றால் 2010ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். அதிகம் ஓடாத காரில் டயர் தேயாது, கெட்டிப்பட்டுப் போகும்.

என் செவெல் இன்றும் ஓடுகிறது. போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு காரைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் முன்கண்ணாடி வழியாக எண் தகட்டைப் பார்த்தேன். பூவிதழ் மாதிரி தலை கொண்ட தொழிற்சாலை ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் கடையில் கிடைக்கிற சாதாரண ரிவெட் இரண்டு இருந்தன. தகட்டை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லாமலேயே திரும்பி வந்தோம்.