பிரிட்டனில் ஒரு வருடமா, மதுரையில் ஆறு வருடமா?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் வளர்ச்சி ஆய்வுகள் (வறுமை, சமூக முன்னேற்றம் பற்றிய படிப்பு) முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. மதுரையிலேயே பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு நேர்காணலுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். நான் மதுரையை எடுத்தேன். அதனால் இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பணக்கணக்கை நீங்களே போட்டிருப்பீர்கள். அங்கே வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டுமே பல இடங்களில் 20,000 பவுண்டைத் தாண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் அந்தக் கவலை இல்லை. எனக்குக் கிடைக்கவில்லை. இங்கே சம்பளத்தை விடாமல் படிக்கலாம். ஆனால் கையில் பணம் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். காரணம் காலண்டர்.

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீரை யார், எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. பொதுவளங்களை ஊர்க்காரர்களே நிர்வகிப்பதைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். எங்கள் ஊரில் அதை முறைப்பாசனம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

பிரிட்டனில் ஒரு வருட முதுகலை பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். வசந்தம் வரை வகுப்புகள், கட்டுரைகள். ஆய்வேட்டுக்கு மிஞ்சுவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்களில் எங்கள் கண்மாய்க்குள் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வடகிழக்குப் பருவமழை வருவது அக்டோபரில்தான். தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி எழுதப்போகிறவள் தண்ணீரையே பார்க்காமல் எழுதி முடித்திருப்பேன்.

முடிவெடுப்பதற்கு முன் ஓர் ஆடி மாதத்தில் ஊர் நீர்பாய்ச்சியிடம், அதாவது வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் திருப்பிவிடுகிறவரிடம், போய் விசாரித்தேன். எழுபதைத் தாண்டியவர். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். எல்லாருக்கும் சமம் என்றார். நான் எழுதி முடித்ததும் சிரித்துவிட்டு, "ஆடியில வந்து கேட்டா முறையத்தான் சொல்ல முடியும் தாயி. ஐப்பசிக்கு மேல வா, நடக்கிறதப் பாக்கலாம்" என்றார்.

போனேன். கார்த்திகையில் ஓர் இரவு, கடைமடையில் ஓர் அம்மா மண்வெட்டியோடு காத்திருந்தார். அவர் முறை வந்தபோது மணி ஒன்றரை. வாய்க்காலில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. மேலே யாரோ மண்ணை வெட்டிப் போட்டுத் தன் வயலுக்குத் திருப்பியிருந்தார். நீர்பாய்ச்சி டார்ச்சோடு போய் அடைப்பை உடைத்தார், யார் வேலை என்று கேட்கவே இல்லை. நான் நோட்டை எடுத்ததும், "பேரு போடாத தாயி, நாளைக்கு நான் அவன் மூஞ்சியில முழிக்கணும்" என்றார். பெயர் போடவில்லை. ஆனால் அந்த இரவில்தான் என் ஆய்வுக்கேள்வியே மாறியது.

இதைப் புதிதாக நான் கண்டுபிடித்துவிடவில்லை. கிராமத்து வறுமையைப் பார்க்க வருகிறவர்கள் மழையில்லாத மாதங்களில் வந்து போவதால் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்று ராபர்ட் சேம்பர்ஸ் 1980களிலேயே எழுதியிருக்கிறார். அவர் இருந்தது பிரிட்டனில் சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில். அது தொடங்கியது 1966இல்; நம் மதுரைப் பல்கலைக்கழகமும் அதே வருடம்தான்.

மதுரைப் பக்கம் குறைகளும் உண்டு. வகுப்புத்தோழர்கள் கிடையாது. படித்ததைப் பேச ஆள் இல்லாமல் ஆரப்பாளையம் பஸ்ஸில் எனக்கு நானே விவாதம் செய்திருக்கிறேன். நெறியாளர் அமைவது அதிர்ஷ்டம். பன்னாட்டு வளர்ச்சி என்று தனித்துறை தேடினால் கிடைப்பது அரிது. பொருளியல், சமூகப்பணி, ஊரக வளர்ச்சி என்று ஏதாவது ஒரு கூரைக்குள் நுழைய வேண்டும். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டன் போய்ப் படித்த தோழியின் வகுப்பில் கானாவும் நேபாளமும் கொலம்பியாவும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தனவாம். எனக்கு அது கிடைக்கப்போவதில்லை. ஐ.நா. அமைப்புகளில் வேலைதான் இலக்கு என்றால் அவள் வழியே சரியாக இருக்கலாம். அந்த வேலைச்சந்தையில் எனக்கு அனுபவம் இல்லை. பிரிட்டனிலேயே முழு முனைவர் பட்டம் செய்தால் களப்பணிக்கு நீண்ட காலம் ஒதுக்கலாம், ஐப்பசியும் கைக்கு வரும். நான் ஒப்பிடுவது ஒரு வருட முதுகலையோடு மட்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி இங்கே முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. எம்.ஃபில். இப்போது கிடையாது. ஆன்லைனிலேயே பிஎச்.டி. முடிக்கலாம் என்று விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள். தொலைதூர, இணையவழி முனைவர் பட்டத்துக்கு இந்த விதிகளில் இடமில்லை.

பகுதிநேரம் என்று முடிவு செய்தால், வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்றை எழுத்தில் வாங்குங்கள். "போய்ப் படிம்மா" என்று எனக்கு வாயால் சொன்ன மேலாளர் மூன்றே மாதத்தில் மாறிப் போனார். சான்று கைக்கு வந்ததும், தேவைப்பட்டால் பாடவகுப்புக்கு விடுவிப்போம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடைய முதல் சான்றில் அது இல்லை. திருத்தி வாங்குவதற்குள் ஒரு பொங்கல் போய்விட்டது.