கிலிம் படகுச் சவாரி: செம்பருந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் லங்காவித் தீவிலுள்ள கிலிம் படகுத்துறையிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் சவாரியை, செம்பருந்துகளை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் பதிவு செய்தேன். கழுகைக் குறிக்கும் 'ஹெலாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்தே தீவின் பெயர் வந்தது என்பார்கள். குவா நகரின் கடலோரச் சதுக்கத்தில் 12 மீட்டர் உயரச் சிலையாக நிற்பதும் இந்தச் செம்பருந்துதான். குடமுழுக்கின்போது கோபுரத்துக்கு மேல் வட்டமிட்டால் கருடன் என்று நாம் கைகூப்புவதும் இதைத்தான்.

இரை வீசும் காட்சி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். படகோட்டி வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் முன்னால் நின்ற படகுகளிலிருந்து கோழித்தோல் விழுந்துகொண்டே இருந்ததால், எங்கள் இயந்திர ஓசையைக் கேட்டும் பருந்துகள் தலைக்கு மேல் கூடிவிட்டன. வெண்ணிறத் தலையும் செங்கல் நிற உடலும் வெறுங்கண்ணுக்கே துலங்கியதால், படம் எடுப்பவர்களுக்கு இது கொண்டாட்டம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. செத்த மீனும் நண்டும் பொறுக்கி வாழும் பறவைக்கு முள்ளும் எலும்பும் அற்ற கொழுப்புத் தோல் எப்படி ஏற்ற உணவாகும்?

கட்டணத்துக்கு ஈடு செய்தது கடைசி அரைமணி நேரம்தான். பக்கவாட்டு ஓடை ஒன்றில் இயந்திரத்தை நிறுத்தியதும், ஒரு பருந்து தாழ இறங்கி, உடல் நனையாமல் நீர்மட்டத்திலிருந்து எதையோ கால்களால் அள்ளி, பறந்தபடியே தலையைக் குனிந்து தின்னத் தொடங்கியது; அதைப் பறிக்க இன்னொன்று துரத்தியது. கிளையில் அமர்ந்திருந்த மங்கிய பழுப்பு நிறப் பறவையை முதலில் கரும்பருந்து என்றே நினைத்தேன். வால் பிளவுபடாமல் வட்டமாக முடிந்ததைக் கண்ட பிறகே அது செம்பருந்தின் இளம்பறவை என்று தெளிந்தேன். உயர்ந்த மரமொன்றில் குச்சிகளால் ஆன பெரிய கூட்டையும் படகோட்டி காட்டினார். பழைய கூட்டையே செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்துவதும், பெரும்பாலும் இரண்டு முட்டையிட்டு நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக அடைகாப்பதும் இவற்றின் வழக்கம்.

வௌவால் குகையை அவசரமாகக் காட்டி முடித்தது ஒரு குறை. பறவைக்காகப் போகிறவர்கள் பகிர்வுப் படகைத் தவிர்த்துத் தனிப்படகாக, காலையிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. ஓடையில் எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.