ஆயில் பிரஷர் முள் படுத்துவிட்டால்: வயர் சோதனையா, புது யூனிட்டா, குழாய் மீட்டரா?

பழைய லாரியில் ஓட்டத்தின் நடுவே ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்துக்கு இறங்கினால் காரணம் இரண்டு வகைதான். எஞ்சினுக்குள் உண்மையிலேயே பிரஷர் விழுந்திருக்கலாம். இல்லையென்றால் பிரஷர் நன்றாகவே இருந்து, அதைக் காட்ட வேண்டிய மீட்டரோ, வயரோ, எஞ்சின் பிளாக்கில் திருகியிருந்து பிரஷரை மீட்டருக்குச் சொல்லும் சென்டர் (sender) யூனிட்டோ கெட்டிருக்கலாம். வயதான வண்டிகளில் இரண்டாவது சர்வசாதாரணம். அதனால்தான் "மீட்டர்தான்ணே போயிருக்கும், வண்டியை எடுங்க" என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக வருகிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத அன்றைக்கு கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் சேர்ந்து போகும்.

எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் எஞ்சினை நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட வேண்டும். ஆயில் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் இன்னும் மோசம். டீசல், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது. முள் விழுந்த விதமும் சாட்சி சொல்லும். குழியில் ஏறி இறங்கும்போது சட்டென்று விழுந்து சட்டென்று எழுந்தால் வயர்மேல் சந்தேகம். வண்டி சூடாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஐட்லிங்கில் படுத்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எழுந்தால், சந்தேகம் எஞ்சின்மேல். இது அனுமானம்தான். உறுதிப்படுத்தப் பட்டறைகளில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது வயர் சோதனை. செலவே கிடையாது, ஐந்து நிமிட வேலை. சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், சென்டர் யூனிட்டின் வயரைக் கழற்றிக் காற்றில் விட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். அப்புறம் அதே வயரை பாடியில் தொட்டு எர்த் கொடுத்துப் பார்க்க வேண்டும். குழப்பம் இங்கேதான். அமெரிக்க பிக்கப் வண்டிகளை வைத்து எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "எர்த் கொடுத்தால் முள் உச்சிக்குப் போகணும், போகலையே, மீட்டர் அவுட்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். எல்லா மீட்டரும் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஜெர்மனியின் விடிஓ வகை யூனிட்டில் பிரஷர் இல்லாதபோது மின்தடை சுமார் 10 ஓம், முழுப் பிரஷரில் சுமார் 180 ஓம். அந்த வகையில் எர்த் கொடுத்தால் முள் பூஜ்யத்துக்கும், வயரைக் கழற்றினால் உச்சிக்கும் போகும். அமெரிக்காவில் புழங்கும் 240-33 ஓம் வகையில் எல்லாம் தலைகீழ். அதே நாட்டின் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய வண்டிகளோ 0-90 ஓம். அவை விடிஓ திசையிலேயே ஓடும்.

ஆகவே திசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வயரைக் கழற்றியபோது ஒரு முனைக்கும், எர்த் கொடுத்தபோது மறுமுனைக்கும் முள் போனால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. இரண்டு தடவையும் அசையாமல் கிடந்தால் மீட்டருக்கு வரும் சப்ளை, ஃபியூஸ், டேஷ்போர்டின் எர்த் என்று பின்னோக்கிப் போக வேண்டும். டீசல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் சேர்ந்தே செத்திருந்தால் சப்ளைதான் காரணம் என்று ஏறக்குறைய தீர்மானித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: சூடேறி வளையும் தகட்டில் இயங்கும் பழைய மீட்டர்களுக்கு நேரடி எர்த்தை நீடிக்க விடக் கூடாது, உள்ளே கருகிவிடும். ஒரு சிறிய பல்பை நடுவில் வைத்து எர்த் கொடுப்பது பாதுகாப்பு.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய குறை உண்டு. மீட்டரும் வயரும் நல்லவை என்று தெரிந்த பிறகும், கெட்டது யூனிட்டா எஞ்சினா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் கொஞ்சம் முன்னேறலாம். யூனிட்டின் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஓம் அளந்தபடி எஞ்சினை ஓட்டி, ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப அளவு மாறினால் யூனிட்டும் உயிரோடு இருக்கிறது, பிரஷரும் ஏதோ இருக்கிறது. மாறவே இல்லையென்றால் பழையபடி அதே கேள்வி. எஞ்சினை நிறுத்திவிட வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, யோசிக்காமல் புது யூனிட் மாட்டுவது. அதிகம் நடப்பது இதுதான். யூனிட் விலை பெரிதில்லை, கழற்றி மாட்டுவதும் சுலபம், முள் எழுந்துவிட்டால் கதை முடிந்தது. எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை. முள் எழாவிட்டால் புது யூனிட்டே கோளாறா, வயரா, எஞ்சினா என்று சந்தேகம் மூன்றாகிறது. கடையில் கொடுக்கும் யூனிட்டின் ஓம் வகை உங்கள் மீட்டருக்குப் பொருந்தாவிட்டால் முள் நன்றாகவே ஆடும், பொய் சொல்லும். வாணிங் லைட்டுக்கும் சேர்த்து இரண்டு முனை உள்ள விடிஓ யூனிட்டில் 'ஜி' என்பது மீட்டர், 'டபிள்யூகே' என்பது லைட். வயரை மாற்றிச் செருகிவிட்டு எஞ்சினைப் பழி சொன்ன கதைகள் உண்டு. ஒற்றை முனை யூனிட் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் அந்த எர்த்தே போய்விடும்.

மூன்றாவது குழாய் மீட்டர். யூனிட்டைக் கழற்றி, அதே துளையில் ஒரு ஹோஸ் வழியாக மெக்கானிக்கல் மீட்டரை மாட்டி எஞ்சினை ஓட்டுவது. உள்ளே இருப்பது பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் 1849-இல் உருவாக்கிய வளைகுழாய். பிரஷர் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் தள்ளும். வயரும் இல்லை, ஓமும் இல்லை. எஞ்சினில் பிரஷர் இருக்கிறதா என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்வது மூன்றில் இது ஒன்றுதான்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் அளந்து திருப்திப்படக் கூடாது. ஆயில் கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த எஞ்சினும் நல்ல அளவைக் காட்டும். வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஐட்லிங்கிலும் ஓட்ட வேகத்திலும் பார்க்க வேண்டும். பழைய டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவாக ஐட்லிங்கில் (சதுர சென்டிமீட்டருக்கு) 1 கிலோ அளவும் ஓட்டத்தில் 3 முதல் 5 கிலோவும் சொல்வார்கள். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கடைசி வார்த்தை. அதற்குக் கீழே நின்றால் ரிலீஃப் வால்வில் தூசி, அடைத்த ஸ்ட்ரெய்னர், ஆயில் பம்ப், தேய்ந்த பேரிங் என்று தேட வேண்டும். அது தனி வேலை.

முள் எப்போதும் நடுவில் அசையாமல் நிற்கும் வண்டியிலும் ஒருமுறை இதை மாட்டிப் பார்ப்பது நல்லது. ஃபோர்டு 1987 முதல் தன் எஃப் வரிசை பிக்கப்புகளில், மீட்டர் என்ற பெயரில் வெறும் ஸ்விட்சை வைத்தது. பிரஷர் சுமார் 6 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு பவுண்டு) தாண்டினாலே முள் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். 8-க்கும் 60-க்கும் அங்கே வித்தியாசமே தெரியாது.

என்னைக் கேட்டால், முள் பூஜ்யத்தில் கிடக்கும்போது வரிசையைத் திருப்பிவிட வேண்டும்: முதலில் குழாய் மீட்டர், பிரஷர் உறுதியான பிறகு வயர் சோதனை, அதுவும் சுத்தமாக வந்தால் புது யூனிட். முள் உச்சியில் ஒட்டிக்கொண்டாலோ துள்ளினாலோ மட்டும் வயர் சோதனையிலிருந்து தொடங்கலாம்.

இவ்வளவு நல்லதென்றால் குழாய் மீட்டரையே கேபினில் நிரந்தரமாக வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். நைலான் குழாய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போனால் உருகும், செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும், டிரைவர் காலருகே சூடான ஆயில் கொட்டும். பிளாக்கில் மூன்று வாய் உள்ள ஒரு டீ (T) இணைப்பைப் போட்டு, ஒரு வாயில் யூனிட், மறுவாயில் மூடி என்று வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது மூடியைக் கழற்றி மீட்டரை மாட்டலாம். டீ வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். எட்டில் ஒரு இன்ச் என்றே விற்கும் என்பிடி என்ற அமெரிக்க மரையில் இன்ச்சுக்கு 27 சுற்று, பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரையில் 28. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று தொடக்கத்தில் ஏறும், அப்புறம் இறுகும். கையாலேயே சில சுற்று இலகுவாகப் போகாவிட்டால் ஸ்பேனரைத் தொடாமல் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.